இரண்டு பானைக்கும் ஒவ்வொரு பருப்பு

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் மிஷன் மருந்தகத்தில் நான் வேலை செய்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, கட்டுத்துணியைக் கொதிக்க வைத்துக் காயப்போட்டுச் சுருட்டி வைப்பது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு படித்திருந்ததால் புட்டிகளின் மேல் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். வாய்தான் வராது. நாலு பேர் நடுவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் நின்றுவிடுவேன். நாற்பது தாண்டியும் அந்தப் புத்தி மாறவில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுத முடிகிறது.

மருந்தகத்தை நடத்திய சாமியார் வெள்ளைக்காரர். எல்லா வெள்ளைக்காரரையும் இங்கிலீஷ்காரர் என்றே நினைத்திருந்த காலம் அது. அவர் வேறு நாடு. லித்துவேனியா என்பார். அந்தப் பெயரை நான் சரியாகச் சொல்லப் பழகவே பல மாதம் ஆயிற்று. தமிழை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, சமையல்காரரிடமும் நோயாளிகளிடமும் கற்றார். அதனால் எங்களைப் போலவே பேசுவார். "இன்னாமா, கால் வீக்கம் வத்துச்சா?" என்று அவர் கேட்டால் புதிதாக வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கேழ்வரகுக் களி என்றால் அவருக்கு உயிர். அவர்கள் ஊர் ரொட்டியும் இப்படித்தான் கறுப்பாக இருக்குமாம்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ஹெட்மாஸ்டர் வருவார். ரிட்டயர் ஆனவர், தொண்டூர்ப் பக்கத்து ஜைனர். இரத்த அழுத்தம் பார்க்க என்று வருவார், வாதம் பண்ண உட்காருவார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். விளக்கு வைத்த பிறகு அவர் ஒரு பருக்கையும் தொடமாட்டார். அதனால் அவர்களுடைய வாதம் என்றைக்கும் முடிந்ததே இல்லை. பாதியில் ஜன்னலைப் பார்ப்பார், "நாளைக்குப் பதில் சொல்றேன் ஃபாதர்" என்று குடையை எடுத்துக்கொள்வார்.

முதல் வாதம் ஒரு வரைபடத்தில் தொடங்கியது. ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடத்து அட்லஸைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார்.

"தேடித் தேடிப் பார்த்துட்டேன் ஃபாதர். உங்க நாடு இதுல இல்லையே."

சாமியார் கடலோரத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். அங்கே பக்கத்தில் இருக்கும் பெரிய நாட்டின் நிறம்தான் பூசியிருந்தது. "இங்க இருந்துச்சு சார்," என்றார். "இப்பவும் இருக்குது. கலர்தான் மாத்திட்டாங்க."

அன்றிலிருந்து அந்த நாட்டைப் பற்றித்தான் பேச்சு. நான் மூலையில் துணி சுருட்டிக்கொண்டிருப்பேன். என்னை யாரும் கவனிக்கமாட்டார்கள். கேட்டதில் பாதி அப்போது புரியவில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டதால் மனதில் தங்கிவிட்டது.

ஹெட்மாஸ்டரின் கட்சி இதுதான்: படித்தவன் ஆளவேண்டும். "ஒரு கணக்குக்கு விடை தெரியல. கிளாஸ்ல கை தூக்கச் சொல்லி எந்த விடைக்கு அதிகம் கை தூக்குதோ அதான் சரின்னு எழுதுவோமா? நாட்டை மட்டும் அப்படி நடத்தறோம்."

சாமியார் சிரிப்பார். "இதையே எங்க ஊர்லயும் சொன்னாங்க சார். உங்களைவிட நல்லாவே சொன்னாங்க."

முதல் பெரிய யுத்தம் முடிந்ததும் அவர்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததாம். அதற்கு முன்பு அவர்கள் மொழியில் அவர்கள் எழுத்தில் புத்தகம் அச்சடிக்கவே தடை இருந்த காலம் உண்டாம். ஒளித்துக் கொண்டுவந்து படித்தார்களாம். அதனால் படித்தவன் என்றால் அங்கே தனி மரியாதை. அந்தப் படித்தவர்களும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் இல்லை, உழவர் வீட்டுப் பிள்ளைகள்தான். சட்டசபை வந்தது. கட்சிகள் பல வந்தன. சண்டையும் வந்தது, மந்திரிசபை மாறிக்கொண்டே இருந்தது. ஒரு ராத்திரி சில பட்டாளத்து அதிகாரிகள் உள்ளே நுழைந்து சபையில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிகவும் படித்த ஒருவர் தலைவர் ஆனார். நாடு ஒரே குடும்பம், குடும்பத்துக்கு ஒரு தலைதான் இருக்கமுடியும் என்றார்.

"அவர் மூடர் இல்ல சார். நூறு புஸ்தகம் படிச்சவர். நான் அப்ப மாணவன். எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. சத்தம் நின்னுச்சே."

"அப்புறம் இன்னா குறை?" என்றார் ஹெட்மாஸ்டர், சாமியாருடைய 'இன்னா'வையே திருப்பி.

"சத்தம் நின்ன பிறகுதான் சார், யார் பேசலன்னு தெரிஞ்சுது."

சாமியாருக்குப் பாடம் சொன்னவர்களும் கூடப் படித்த நண்பர்களும் பிறகு வேறு மாதிரி எழுதத் தொடங்கினார்களாம். சிறந்தவர்கள் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் சிறப்பு என்பது பிறப்பிலோ பணத்திலோ பட்டத்திலோ வருவதில்லை, மற்றவர் சுமையைத் தன் தோளில் வாங்குபவனே சிறந்தவன் என்றார்கள். அரசாங்கம் எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொள்ளக் கூடாது; உழவர் காரியத்தை உழவரும், பள்ளிக்கூடத்தைப் பெற்றவர்களும், கோயிலை அந்தந்த மதத்தாரும் நடத்தட்டும் என்றார்கள்.

ஹெட்மாஸ்டருக்கு அது பிடித்துவிட்டது. "பாருங்க, சிறந்தவங்க வேணும்னு உங்க ஆளுங்களே ஒத்துக்கிட்டாங்க!"

"ஆனா யார் சிறந்தவன்னு யார் சார் சொல்றது? அங்கதான் எங்களுக்குள்ள பெரிய சண்டை. நாமளே சொல்லிக்கலாமா? கிராமத்துக் கட்சிக்காரங்க, ஜனங்க தப்பா ஓட்டுப் போட்டாலும் பரவால்ல, போட்டுப் போட்டுத்தான் கத்துப்பாங்கன்னாங்க. நாங்க அவங்களைக் கேலி பண்ணோம்."

"முடிவு?"

"முடியல சார். பெரிய நாடு உள்ள வந்துடுச்சு. வாதம் பண்ணவங்கள்ல ரெண்டு கட்சியிலயும் நிறைய பேரை ரயில்ல ஏத்திப் பனிக்காட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் அப்ப வெளிநாட்டுல படிச்சிட்டிருந்தேன். தப்பிச்சேன். திரும்பிப் போக முடியல."

அன்றைக்கு ஹெட்மாஸ்டர் ஜன்னலைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சாமியாரே, "பொழுது போகுது சார், சாப்பிடப் போங்க," என்றார்.

இந்தப் பேச்செல்லாம் எங்கோ கடலுக்கு அப்பால் நடந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு எங்கள் தெருவுக்குக் கிணறு வந்தது.

சிங்கவரம் போகும் பக்கத்தில் ஊருக்கு வெளியே எங்கள் தெரு. பாறைப் பூமி. கோடையில் குளத்துக்கு நடந்து நடந்து பெண்களின் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே போகும். மிஷன் செலவில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டி பம்ப் செட் வைத்தார்கள். இடம் கொடுத்தவர் மண்டிக்காரர். கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். கிணற்றை ஒட்டி அவருக்கு நிலம் இருந்தது. தெருவுக்கும் தண்ணீர், அவர் பயிருக்கும் தண்ணீர் என்று பேச்சு. கெட்ட மனிதர் இல்லை. விதைப்புக்கு விதைமணி கொடுப்பவரும் அவர்தான், அறுவடையை வாங்குபவரும் அவர்தான். குரல் மட்டும் பெரிது. அவர் "வாம்மா" என்றாலே அதட்டுவதுபோல் இருக்கும்.

சிக்கல் மோட்டார் ரூம் சாவியில் வந்தது. காலையில் கொஞ்ச நேரம்தான் கரண்ட் வரும். அது நிலத்துக்குப் போனால் குடத்துக்கு இல்லை. சாவி யாரிடமோ, முதல் தண்ணீர் அவர் விருப்பம். மண்டிக்காரர் தன்னிடம்தான் சாவி வரும் என்று இருந்தார். பெண்கள் சாமியாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

என் ஓரகத்திதான் முன்னால் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீடு. எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். குழம்பு நன்றாக வைப்பாள், அதனால் யாரும் எதிர்த்ததில்லை. "நீங்க யாருக்குக் குடுத்தாலும் சரி சாமி," என்றாள். "நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சு இல்ல."

சாமியார் முகம் வாடிவிட்டது. அன்று சாயங்காலம் ஹெட்மாஸ்டரும் அதையே சொன்னார். "ஊரே உங்களைக் கேக்குது. நல்ல ஆளாப் பார்த்து நீங்களே வைங்க ஃபாதர். உங்க நண்பர்கள் எழுதினது இதுதானே?"

"எங்க தலைவரையும் இப்படித்தான் சார் கேட்டாங்க," என்றார் சாமியார். "ஓட்டுப் போடட்டும்."

மண்டிக்காரரை எதிர்த்து நிற்க ஆள் வேண்டுமே! ஆண்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். திடீரென்று என் ஓரகத்தி என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டாள்.

"இவ நிக்கட்டும். வாயே தொறக்கமாட்டா. வாயத் தொறந்தாத்தானே சண்டை வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஆமா, அந்தம்மா கையால கட்டுப் போட்டுக்காதவங்க இந்தத் தெருவுல யாரு?" என்றது ஒரு குரல். எனக்கோ முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஓட்டுச் சீட்டுக்குப் பதில் முழு மல்லாட்டை என்பது சாமியாரின் யோசனை. எல்லார் வீட்டிலும் இருக்கும், எழுத்து தெரியவேண்டாம். மருந்தகத்தில் திரை கட்டி உள்ளே இரண்டு பானை வைத்தார்கள். கழுத்தில் கயிறு கட்டியது மண்டிக்காரருக்கு, கட்டாதது எனக்கு. ஆளுக்கு ஒரு காய். ஹெட்மாஸ்டர்தான் அதிகாரி. "இந்தக் கூத்துல எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா நடக்கறது சரியா நடக்கணும்," என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மதியத்துக்கு மேல் தொடங்கியது. ஒவ்வொருவராகத் திரைக்குள் போனார்கள். கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றார்கள். வெளியே வந்ததும் மண்டிக்காரர், "நம்ம பானைதானே?" என்பார். "உங்களுக்குத்தான் போட்டேண்ணே, சத்தியமா," என்பார்கள். என்னிடம் வந்து, "ஒனக்குத்தான்டி போட்டேன்," என்று கையை அமுக்குவார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே நிம்மதி.

என் முறை வந்து உள்ளே போனபோதுதான் தெரிந்தது. தரையெல்லாம் மல்லாட்டைத் தோல். காலை வைத்தால் மொறுமொறு என்றது.

அவர்களுடைய கஷ்டம் எனக்குப் புரிந்தது. பெரிய எலெக்‌ஷனில் முத்திரை குத்திவிட்டு வந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே வாசலிலேயே இரண்டு பேரும் நிற்கிறோம். நாளைக்கு விதைக்கு அவரிடம் போகவேண்டும், பிள்ளைக்குப் புண் வந்தால் என்னிடம் வரவேண்டும். மாதா படம் மாட்டிய அறையில் பொய் சொல்லவும் பயம். காயை உடைத்து இந்தப் பானையில் ஒரு பருப்பு, அந்தப் பானையில் ஒரு பருப்பு போட்டுவிட்டால் யார் கேட்டாலும் உண்மையே சொல்லலாம். நானும் என் காயை உடைத்தேன். எனக்கு நானே முழுக் காய் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

பானைகளைப் பாயில் கவிழ்த்தபோது ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் பருப்புக் குவியல். நடுவே அங்கங்கே முழுக் காய்.

"இன்னாய்யா இது? ஓட்டா, தாளிக்கறதுக்கு வறுத்துக் கொட்டனதா?"

யாரோ பின்னாலிருந்து, "சில காய்ல மூணு பருப்பு இருந்துச்சு சார்," என்றார்.

"அந்த மூணாவது யாருக்குப் போட்டீங்க?"

"அது வாய்க்குப் போச்சு சார்."

ஹெட்மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சாமியாரைப் பார்த்தார். "ஃபாதர், உங்க ஜனநாயகம்!" பிறகு அதிகாரி முகத்தோடு, "உடைச்சது செல்லாது. முழுசு மட்டும்தான் கணக்கு," என்று பொறுக்கினார். கயிறு கட்டிய பானையில்தான் முழுக் காய் அதிகம். மண்டிக்காரர் வீட்டாரும் மண்டியில் மூட்டை தூக்குபவர்களும் போட்டது. சட்டப்படி அவர்தான்.

மண்டிக்காரர் சந்தோஷப்படவில்லை. பருப்புக் குவியலையே பார்த்தார். "எனக்கு இல்லன்னு போடறதுக்குக்கூட என்னைப் பார்த்தா பயமா?" என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சாமி, நீங்களே குடுத்துடுங்க. இந்தத் தலைவலி எதுக்கு?" என்றாள் ஓரகத்தி. கூட்டமே ஆமாம் என்றது.

சாமியார் அங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்தார். என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம்தான் நீட்டப்போகிறார். நீட்டியிருந்தால் யாரும் எதிர்த்திருக்கமாட்டார்கள், தெருவுக்குத் தண்ணீரும் முதலில் வந்திருக்கும். அவர் கை பாதிதூரம் வந்தது. பிறகு என்ன தோன்றியதோ, அப்படியே தரையில் உட்கார்ந்து சிதறிக்கிடந்த தோலைப் பொறுக்கத் தொடங்கினார்.

"எங்க ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டாங்கன்னு சபையை மூடினாங்க," என்றார், தலையைத் தூக்காமலே. "இங்க ஒருத்தர் மனசும் நோகக்கூடாதுன்னு ஓட்டையே உடைச்சுட்டீங்க. உங்க நல்லதுக்குன்னு நான் இப்ப எதைம்மா மூடட்டும்?"

தலை நரைத்த மனிதர் தரையில் உட்கார்ந்து தோல் பொறுக்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது.

"புளியங்கொட்டை வெச்சா உடைக்க முடியாது சாமி."

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. "அடிப்பாவி," என்றாள் ஓரகத்தி. "அது கல்லாட்டம் இருக்குமே! யாருக்காவது ஒருத்தருக்குத்தானே போடமுடியும்?"

"அதாம்மா ஓட்டு," என்றார் சாமியார். எழுந்து நின்றபோது முகம் வேறாக இருந்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தோம். "நீங்க சாப்பிடப் போங்க சார், நாளைக்கு வெச்சுக்கலாம்," என்றார் சாமியார்.

ஹெட்மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். "நாளைக்குன்னா ராத்திரியெல்லாம் வீடு வீடாப் போய்ப் பேசிடுவானுங்க. ஒரு வேளை பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆவாது. புளியங்கொட்டை கொண்டாங்க." ஓட்டில் நம்பிக்கை இல்லாத அந்த மனிதர், ஓட்டு எண்ணுவதற்காக அன்று இரவுச் சாப்பாட்டை விட்டார். இதை நான் மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது தடவை யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மண்டிக்காரர் தானாகவே வாசலை விட்டு எட்டப் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நானும் கிணற்றுப் பக்கம் போய்விட்டேன். லாந்தர் வெளிச்சத்தில் ஹெட்மாஸ்டர் எண்ணினார். மண்டிக்காரர்தான் ஜெயித்தார், கொஞ்ச வித்தியாசத்தில். முதலில் அப்பாடா என்றிருந்தது. பிறகு, இத்தனை பேர் எனக்குக் கொட்டை போட்டார்களா என்று என் பானைக் கொட்டையை நானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

சாமியார் மண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "ஒவ்வொரு பங்குனியும் புளியங்கொட்டை போடணும்," என்றார்.

"அப்ப ஒரு வருஷத்துக்குத்தானா? நிலம் என்னுது சாமி!"

"நிலம் உன்னுது. சாவி இவங்களுது."

ஹெட்மாஸ்டர் குடையை எடுத்தார். சாமியார் அவரோடு வாசல்வரை நடந்தார். "எங்க ஊர்ல ஒருத்தரை ஜனங்களைக் கேக்காம உக்கார வெச்சது ஒரு தப்பு சார். எழுப்பறதுக்கு வழி வெக்காதது அதைவிடப் பெரிய தப்பு," என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"நாளைக்குப் பதில் சொல்றேன் ஃபாதர்," என்றார் ஹெட்மாஸ்டர்.

முதல் வாரம் தண்ணீர் நிலத்துக்குத்தான் போனது. குடங்கள் வரிசையில் காய்ந்தன. எனக்குப் போட்டவர்கள் என்னை முறைத்தார்கள். என் ஓரகத்தி ஒருநாள் முறத்தையும் புளியையும் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூம் வாசலில் போய் உட்கார்ந்தாள். புளியைப் பிரித்துக் கொட்டையை ஒவ்வொன்றாகத் தகர டப்பாவில் போட்டாள். டங், டங் என்றது.

"இன்னாம்மா இங்க வந்து புளி உடைக்கற?" என்றார் மண்டிக்காரர்.

"பங்குனிக்கு வேணுமேண்ணே. இப்பவே சேத்து வெச்சாத்தானே?"

மண்டிக்காரர் கொஞ்ச நேரம் டப்பாவைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். வயிறு குலுங்க அவர் சிரித்தது தெருமுனைவரை கேட்டது. "உன்னை நிறுத்தியிருந்தா நான் டெபாசிட்டே இழந்திருப்பேன்," என்றபடி போய் நிலத்து வால்வை மூடினார். அன்றிலிருந்து முதல் தண்ணீர் குடத்துக்கு, பிறகுதான் பயிருக்கு. அடுத்த பங்குனியிலும் அவர்தான் ஜெயித்தார். நானே அவருக்குத்தான் போட்டேன்.

சாமியாருக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். சமையல்காரர் ஊருக்குப் போயிருந்த ஒரு காலையில் அவரே குடத்தோடு வந்தார். மண்டிக்காரர் பதறிப்போய், "சாமி, முன்னாடி வாங்க. ஏம்மா, வழி விடுங்க," என்று குரல் கொடுத்தார். பெண்கள் ஒதுங்கத் தொடங்கினார்கள். சாமியாரும் என்ன செய்வது என்று தெரியாமல் ஓரடி எடுத்து வைத்தார்.

என் ஓரகத்தி மட்டும் நகரவில்லை. குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

"வரிசைன்னா வரிசைதான் சாமி. பின்னால நில்லுங்க."

சாமி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று சொன்ன அதே வாய். சாமியார் அவளை ஒரு கணம் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"சரிம்மா," என்று சொல்லி வரிசையின் கடைசிக்கு வந்து என் பின்னால் நின்றார். அவர் முறை வரும்வரை கரண்ட் இருந்தது.